சம்பாதிக்கும் கணினிக்கு உரிமம் இருக்கிறதா?

"ஃபார்மெட் அடிச்சு விண்டோஸ் 11 ஏத்தித் தர்றேண்ணே. ஐந்நூறு குடுங்க போதும். ஆபீஸ், போட்டோஷாப் எல்லாம் சேர்த்தே போட்டுடறேன்."

திட்டக்குடியிலோ விருத்தாசலத்திலோ கம்ப்யூட்டர் கடை வாசலில் நின்றவர்களுக்கு இந்த வசனம் புதிதில்லை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. ஆபீஸ் 2016, ஆபீஸ் 2019 இரண்டுக்கும் அதே நாள்தான் கெடு. அதன்பிறகு கடைகளில் ஃபார்மெட் வேலைக்குப் பஞ்சமில்லை.

அந்த ஐந்நூறு ரூபாய்க்குக் கடைக்காரரின் ஒரு மணி நேர உழைப்பு கிடைக்கிறது. அது நியாயமான கூலிதான். உரிமம் மட்டும் அதில் அடங்காது. கடையில் விற்கும் விண்டோஸ் 11 ஹோம் உரிமத்தின் விலையே பத்தாயிரம் ரூபாயை ஒட்டி இருக்கிறது. போட்டோஷாப்புக்கு மாதாமாதம் சந்தா கட்டவேண்டும். இவையெல்லாம் ஐந்நூறு ரூபாய்க்குள் எப்படி அடங்கின என்று கேட்காமல் வாங்கி வருகிறோம்.

மங்களூர் ஒன்றியத்தை எடுத்துக்கொள்வோம். துறைமுகம் இருக்கும் கர்நாடகத்து மங்களூர் இல்லை. கடலூர் மாவட்டத்தின் மேற்குக் கோடியில் மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற நம் மங்களூர். தாலுகா வேலைக்குத் திட்டக்குடி, கல்லூரிக்கும் செராமிக் பட்டறை வேலைக்கும் விருத்தாசலம் என்று போய்வரும் ஊர்கள். வீட்டு முன்னறையில் ஒரு கணினியை வைத்துப் பிழைப்பவர்கள் இந்தப் பக்கத்தில் பலவிதம். ஃப்யூஸ் கேரியர், அகல்விளக்கு, கொலு பொம்மை செய்யும் பட்டறைகளுக்கு டேலியில் கணக்கு எழுதி ஜிஎஸ்டி தாக்கல் செய்பவர், மனு தட்டச்சு செய்பவர், டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம் போட்டுக் கொடுப்பவர், கல்யாண ஆல்பம் வடிவமைப்பவர். கணினி இருப்பது வீட்டில்தான். ஆனால் அதிலிருந்து வருமானம் வருகிறது. உரிம விஷயத்தில் எல்லாமே இந்த ஒன்றைப் பொறுத்துத்தான் மாறுகிறது.

சட்டம் போடும் கோடு

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 63பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு கணினி மென்பொருளைப் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. அபராதம் 50 ஆயிரத்திலிருந்து 2 லட்சம் ரூபாய் வரை. அதே பிரிவு ஒரு சலுகையும் தருகிறது. லாபத்துக்காகவோ தொழிலுக்காகவோ பயன்படுத்தவில்லை என்றால், நீதிமன்றம் சிறைத்தண்டனையை விட்டுவிட்டு 50 ஆயிரத்துக்கு மிகாத அபராதத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். பொழுதுபோக்குக்கு ஓட்டும் கணினியையும் கூலிக்கு ஓட்டும் கணினியையும் சட்டமே வேறு வேறாகத்தான் பார்க்கிறது.

இதைப் படித்துவிட்டு, போலீஸ் வீட்டு வாசலுக்கு வந்துவிடும் என்று யாரும் பயப்பட வேண்டாம். வீடு வீடாகச் சோதனை நடப்பதில்லை. நிஜமான நஷ்டம் வேறு பக்கம் இருந்து வருகிறது. உரிமப் பூட்டை உடைக்கும் கிராக் நிரலை ஓட்டுவதற்கு முதல் வேலையாக விண்டோஸ் டிஃபெண்டரை அணைக்கச் சொல்வார்கள். காவல்காரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, முகம் தெரியாத ஒருவரிடம் சாவியைக் கொடுக்கிற வேலை அது. அந்தக் கணினியில்தான் நாலு பட்டறைகளின் ஜிஎஸ்டி பாஸ்வேர்டும், வங்கிக் கணக்கும், ஊர்க்காரர்களின் ஆதார் நகல்களும் கிடக்கின்றன. உங்கள் சொத்து போனால் உங்களோடு போயிற்று. வாடிக்கையாளரின் பணம் போனால் அதோடு உங்கள் தொழிலும் போகும்.

இன்னொரு சங்கதி பலருக்குத் தெரியாது. காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினல் மென்பொருளிலும் இதே கோடு உண்டு. புது லேப்டாப்போடு சேர்ந்து வந்த 'ஆபீஸ் ஹோம் அண்ட் ஸ்டூடன்ட்' பதிப்பு வீட்டு உபயோகத்துக்கும் படிப்புக்கும் மட்டும்தான். அதில் கொட்டேஷன் அடித்துப் பட்டறைக்கு அனுப்பினால் உரிம விதியை மீறியதாகும். ஆடிட்டர் ஆபீஸிலிருந்து நம் கணினிக்குள் வரப் பயன்படுத்தும் எனிடெஸ்க், டீம்வியூவர் இரண்டும் சொந்த உபயோகத்துக்குத்தான் இலவசம். தொழிலுக்குப் பயன்படுவதாகச் சந்தேகம் வந்தால் டீம்வியூவர் பாதியிலேயே இணைப்பைத் துண்டித்துவிடும். மாறாக, லிப்ரே ஆபீஸையும் 7-ஜிப்பையும் எத்தனை கணினியில் வேண்டுமானாலும், எந்தத் தொழிலுக்கு வேண்டுமானாலும் ஓட்டலாம். இலவசம் என்ற பெயரைப் பார்த்து இறக்குவதற்கு முன், 'வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி உண்டா' என்ற ஒரு வரியைத் தேடிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

முதலில் கையிருப்பைப் பாருங்கள்

கடைக்குத் தூக்கிப் போவதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை. விண்டோஸ் பட்டனோடு ஆர் எழுத்தை அழுத்தினால் சின்னப் பெட்டி திறக்கும். அதில் எஸ்எல்எம்ஜிஆர் என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சாய்கோடும் எக்ஸ்பிஆர் என்ற மூன்று எழுத்துகளும் போட்டு என்டர் தட்டுங்கள். நிரந்தரமாக ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்று வரும். அல்லது 'வால்யூம் ஆக்டிவேஷன்' இன்ன தேதியில் காலாவதியாகும் என்று வரும். இரண்டாவது பதில் வந்தால், பெரிய நிறுவனங்களுக்கான உரிம முறையை ஏமாற்றி யாரோ உங்கள் கணினியில் கிராக் போட்டிருக்கிறார்கள் என்றே கொள்ளலாம். அந்த முறையில் 180 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதனால்தான் சிலருக்குத் திடீரென்று திரை ஓரத்தில் 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்ற எழுத்து மிதக்கத் தொடங்குகிறது.

நிரந்தரம் என்று வந்துவிட்டாலே ஒரிஜினல் என்று சொல்லிவிடவும் முடியாது. பில் இருக்கிறதா, அல்லது கம்பெனியே விண்டோஸ் போட்டு விற்ற லேப்டாப்பா என்று பாருங்கள். கம்பெனி போட்டுத் தந்த உரிமம் அந்த மதர்போர்டோடு கட்டுண்டது. மதர்போர்டு மாற்றினால் உரிமம் போய்விடும். வேறு கணினிக்கும் கொண்டுபோக முடியாது. தனியாகக் கடையில் வாங்கிய ரீடெயில் உரிமத்தைப் பழையதிலிருந்து எடுத்துப் புதியதில் போடலாம். ஆன்லைனில் 300, 400 ரூபாய்க்குக் கிடைக்கும் கீ இந்த இரண்டிலும் சேராது. பெரும்பாலும் ஏதோ நிறுவனத்துக்கென்று கொடுத்த கீயைப் பிரித்து விற்பதுதான் அது. ஒருநாள் செத்துப்போனால் கேட்க ஆள் இருக்காது.

விண்டோஸ் 10 ஒரிஜினலாக இருந்து, கணினியும் தகுதியானதாக இருந்தால் 11-க்கு ஒரு பைசா தரவேண்டாம். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே வந்துவிடும். அதற்குப் போய் ஐந்நூறு ரூபாய் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். விண்டோஸ் 7 கீயை வைத்து 11 போடலாம் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். அந்தக் கதவை 2023 செப்டம்பரில் அடைத்துவிட்டார்கள்.

தகுதி என்பது மூன்று விஷயம். 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம் என்பது பெயரளவுக்கு. வேலை செய்ய 8 ஜிபி ராமும் எஸ்எஸ்டியும் இல்லாமல் நகராது. இரண்டாவது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு. பல கணினிகளில் இது இருந்தும் பயோஸில் அணைத்து வைத்திருப்பார்கள்; இன்டெல் என்றால் பிடிடி, ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடி இயக்கவேண்டும். மூன்றாவது, பிராசஸர். இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அனுமதி. ஐ5-8250யு என்று இருந்தால் கோட்டுக்குப் பிறகு வரும் 8 தான் தலைமுறை. ஐ5-7200யு என்றால் ஏழு, தகுதியில்லை. சென்னை ரிச்சி தெருவிலிருந்து பழைய லேப்டாப் வாங்கி வருபவர்கள் இந்த ஒரு எண்ணைப் பார்க்காமல் காசை நீட்டக்கூடாது. ஆறாம், ஏழாம் தலைமுறை லேப்டாப்களைப் பளபளவென்று துடைத்து, விண்டோஸ் 11-ஐக் குறுக்குவழியில் ஏற்றி வைத்துத்தான் விற்கிறார்கள். அப்படி ஏற்றியதற்கு அப்டேட் வருவதற்கு உத்தரவாதம் கிடையாது என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. விளையாடிப் பார்க்கும் கணினியில் செய்துகொள்ளுங்கள். கணக்கு எழுதும் கணினியில் வேண்டாம்.

தகுதியில்லை என்று தெரிந்ததும் இன்றைக்கே புதிது வாங்க ஓடவேண்டியதில்லை. விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட் பெற வீட்டுப் பயனாளர்களுக்கு ஒரு திட்டம் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸை ஒன்டிரைவில் பேக்கப் எடுக்கச் சம்மதித்தால் கட்டணம் இல்லை; வேண்டாமென்றால் 30 டாலர். பணம் சேர்க்க அவகாசம் என்று மட்டும் இதைப் பாருங்கள்.

லினக்ஸ்: யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது

விண்டோஸுக்கு மாற்றாகக் காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ், தமிழ்நாட்டில் வெளியூர்ச் சரக்கு இல்லை. 2006-க்குப் பிறகு உமாசங்கர் ஐ.ஏ.எஸ். தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவன நிர்வாக இயக்குநராக இருந்தபோது அந்த அலுவலகக் கணினிகளே சூசே லினக்ஸுக்கு மாறின. 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்கள் கைக்கு வந்த லேப்டாப்பில் விண்டோஸ் 7-உடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய இயங்குதளம் அது. பத்தாண்டுக்குள் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் போய்ச் சேர்ந்தன. மாணவர்களில் பெரும்பாலானோர் பாஸ் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பதுதான் நான் கண்டது. திறந்து காட்டிச் சொல்லித்தர ஆளில்லாமல் கொடுத்த எதற்கும் அதுதான் கதி. கேரளத்துப் பள்ளிகளில் ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி கொடுத்தார்கள். அங்கே லினக்ஸ் நிலைத்துவிட்டது.

அந்தப் பழைய அரசு லேப்டாப் உங்கள் பரணில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு ஒரு சின்ன எஸ்எஸ்டி, முடிந்தால் ராமை 4 ஜிபி ஆக்கி, லினக்ஸ் மின்ட் போடுங்கள். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. 64 பிட் பிராசஸராக இருக்கவேண்டும், அவ்வளவுதான். நிறுவுவதற்கு முன் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம்; கணினியில் ஒரு கோப்பும் கலையாது.

தட்டச்சு, மின்னஞ்சல், ஆன்லைன் விண்ணப்பம், படிப்பு இவற்றுக்கு லினக்ஸ் தாராளமாகப் போதும். தமிழ்99 விசைப்பலகையைக்கூடத் தேடி அலையவேண்டாம், ஐபஸ் மூலம் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் டேலியை நம்பி இருப்பவர் லினக்ஸுக்கு மாறவேண்டாம். டேலிபிரைம் விண்டோஸுக்கு எழுதப்பட்டது. கைரேகைக் கருவி வைத்து ஆதார் சார்ந்த சேவை செய்பவர்களும், டிஜிட்டல் கையொப்ப டோக்கனைச் செருகி டெண்டர் போடுபவர்களும் விண்டோஸிலேயே இருப்பது நிம்மதி. இன்னொரு முட்டுக்கட்டை பிரின்டர். தெருவுக்குத் தெரு இருக்கும் கேனன் எல்பிபி 2900-ஐ லினக்ஸில் ஓடவைப்பதற்குள் பொறுமை போய்விடும். எச்பி பிரின்டர்கள் பெரும்பாலும் செருகியதும் வேலை செய்கின்றன. பென் டிரைவில் ஓட்டிப் பார்க்கும்போதே ஒரு பக்கம் அச்செடுத்துப் பாருங்கள்.

வேலை தேடும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இணைய உலகின் சர்வர்களில் பெரும்பகுதி லினக்ஸில்தான் ஓடுகிறது. வீட்டில் ஓர் ஓட்டை லேப்டாப்பில் லினக்ஸ் நிறுவி, உடைத்து, மறுபடி நிறுவிய அனுபவம் நேர்முகத் தேர்வில் பேசுவதற்கு உதவும். விருத்தாசலம் ஜங்ஷனில் ரயில் ஏறினால் விழுப்புரம்; அங்கே இயங்கும் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு, கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டணமின்றிப் பயிற்சி தருகிறது. தமிழிலேயே படிக்க 2012 முதல் வரும் கணியம் இணைய இதழ் இருக்கிறது.

ஃபார்மெட் செய்யும் முன்

டேலி வைத்திருப்பவர்கள் இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். டேலி உரிமம் அந்தக் கணினியோடு பதிவாகியிருக்கும். ஃபார்மெட் செய்வதற்கு முன் எஃப்1 அழுத்தி, செட்டிங்ஸில் லைசென்ஸ் பகுதிக்குப் போய் 'சரண்டர்' கொடுத்துவிட வேண்டும். புது விண்டோஸில் மறுபடி ஆக்டிவேட் செய்துகொள்ளலாம். சரண்டர் செய்யாமல் துடைத்துவிட்டால், பிறகு ஆன்லைனில் ரீசெட் கேட்டு அலையவேண்டும். அதுவரை எஜுகேஷனல் மோடில்தான் திறக்கும். அந்த மோடில் மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டுமே பதிவு போட முடியும். பயிற்சிக்கு அது அருமையான ஏற்பாடு. மாதக் கடைசியில் பட்டறை முதலாளி எதிரே உட்கார்ந்திருக்கும்போது அப்படி இருக்காது.

அதைவிடப் பெரிய ஆபத்து டேட்டா. "டெஸ்க்டாப்பையும் டி டிரைவையும் எடுத்து வச்சுட்டேண்ணே" என்பார் கடைக்காரத் தம்பி, நல்ல மனதோடுதான். டேலிபிரைமின் டேட்டாவோ, நீங்கள் இடத்தை மாற்றாமல் இருந்தால், சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் பப்ளிக் என்ற ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கும். சி டிரைவைத்தான் முதலில் துடைப்பார்கள். ஆகவே ஆல்ட், ஒய் அழுத்திப் பேக்கப் எடுங்கள். எடுத்ததை இரண்டு இடத்தில் வையுங்கள். அதில் ஒன்றை வேறு கணினியில் ரீஸ்டோர் செய்து பார்த்த பிறகே ஃபார்மெட்டுக்குச் சம்மதியுங்கள்.

தட்டச்சு வேலை செய்பவர்களுக்கு எழுத்துரு. பத்து வருடத்து மனுக்களும் அழைப்பிதழ்களும் பாமினியிலோ வானவில்லிலோ கிடக்கும். ஃபான்ட்ஸ் ஃபோல்டரைத் தனியாக நகல் எடுக்காவிட்டால் புதுக் கணினியில் எல்லாம் கிறுக்கலாகத் தெரியும். எழுத்துருவும் மென்பொருள்தான், அதற்கும் உரிமம் உண்டு என்பதை அச்சுத் தொழிலில் இருப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். காசு கொடுத்து வாங்கியது என்றால் அந்தப் பில்லையும் சேர்த்து வையுங்கள். புதிதாகத் தொடங்கும் வேலைகளை யூனிகோடிலேயே செய்யுங்கள். கூகுளின் நோட்டோ தமிழ் எழுத்துருக்களைத் தொழிலுக்கும் பயன்படுத்தலாம், கட்டணம் இல்லை. பேஜ்மேக்கரை 2001-இல் வந்த 7-ஆம் பதிப்போடு அடோப் நிறுத்திவிட்டது. அந்தப் பழைய கோப்புகளை லிப்ரே ஆபீஸின் டிரா ஓரளவுக்குத் திறக்கும். வரி உடைந்திருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னும் ஒரு பொறி. புதிதாக ஏற்றும் விண்டோஸ் 11, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால் பல கணினிகளில் வட்டைத் தானாகவே பூட்டிக்கொள்கிறது. பிறகு பயோஸில் கைவைத்தாலோ மதர்போர்டு மாற்றினாலோ 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில்தான் இருக்கும். கடைக்காரர் தன் மின்னஞ்சலையே போட்டு விண்டோஸ் ஏற்றிக் கொடுத்திருந்தால் கீ அவர் கணக்கில் இருக்கும். எனவே கணக்கு உங்கள் பெயரில், உங்கள் செல்பேசி எண்ணில் தொடங்கப்பட வேண்டும். இதில் தாட்சண்யம் பார்க்காதீர்கள்.

கடைசியாகச் செலவுக் கணக்கு. வருமானம் தரும் வீட்டுக் கணினிக்கு என் தேர்வு இது: விண்டோஸோடு வரும் புது லேப்டாப் அல்லது எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ ஆன பழைய லேப்டாப், ஆபீஸுக்குப் பதில் லிப்ரே ஆபீஸ், போட்டோஷாப் தேவைப்படும் நாள் வரை ஜிம்ப், டேலி மட்டும் காசு கொடுத்து ஒரிஜினல். டேலியில் கஞ்சத்தனம் வேண்டாம், சோறு போடுவது அதுதான். பில்களைக் கணக்கில் காட்டினால் தொழில் செலவாகக் கழித்துக்கொள்ளலாம். கிராக்குக்கு யாரும் பில் தருவதில்லை.

ஃபார்மெட்டை நாள் பார்த்துச் செய்யுங்கள். 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி 3பி. அந்த இரண்டு தேதிகளும் தாண்டிய பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் மாதம் மட்டும் கணினியில் கைவைக்காதீர்கள்.